வலி செட்

ஜூன் 3, திங்கள்

என் பேர்ல நடக்கிற கடைக்குள்ள இன்னிக்குத்தான் உருப்படியா கால் வெச்சேன். கடை எனக்குச் சொந்தமில்ல. சுவத்துல தொங்குற பார்மசிஸ்ட் சர்டிபிகேட் மட்டும்தான் என்னோடது. ஃபிலோமினா, டி.பார்ம். மருந்துக்கடைன்னா படிச்ச ஆள் ஒருத்தர் இருக்கணும்னு சட்டம். ஓனர் பழனியாண்டி அண்ணனுக்குப் படிப்பு இல்ல. எனக்கு அப்பக் கைக்குழந்தையோட வேலைக்குப் போக முடியல. ஆறு வருஷமா சர்டிபிகேட் கடையில, நான் வீட்டுல. ஊர்ல பாதிக் கடை இப்படித்தான் ஓடுது, நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கல.

போன வாரம் இன்ஸ்பெக்டர் வந்து, "போட்டோவுல இருக்கிற பொம்பளை எங்கய்யா?"ன்னு கேட்டிருக்காரு. இந்த ஆளு "பிரசவத்துக்குப் போயிருக்கு சார்"னு சொல்லிட்டாரு. எனக்கு நாப்பது வயசு! மூத்தவ பிளஸ் டூ படிக்கிறா. இன்ஸ்பெக்டர் நம்பல. இனிமே எப்ப வந்தாலும் அந்தப் பொம்பளை கவுண்டர்ல நிக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதான் நான் வந்து நிக்கிறேன்.

கருமம், கடையா அது? இன்சுலின் வைக்கிற பிரிட்ஜுல ஒரு தூக்குவாளி. தொறந்து பாத்தா மீன் குழம்பு. மாத்திரை போடுற காகிதக் கவரைப் பிரிக்கிறதுக்கு அந்த ஆளு விரலை நாக்குல தொட்டுக்கிறாரு. தொட்ட விரலாலயே மாத்திரையை எடுத்து உள்ள போடுறாரு. வாங்குறவனும் அதை அப்படியே வாயில போட்டுக்கிறான். நான் மத்தியானம் சோறு சாப்பிடல.

ஜூன் 4, செவ்வாய்

காலையில ஒரு மணி நேரம் இவங்க பண்றது என்னன்னா, செட்டு போடுறது. சளிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட். வெவ்வேற டப்பாவுல இருந்து மாத்திரையை உதுத்து, நாலு நாலாக் கவர்ல போட்டு, மடிச்சு அடுக்கிருவாங்க. கவர் மேல பேர் கிடையாது, தேதி கிடையாது. "அண்ணே ஒரு வலி செட்"னா எடுத்து நீட்டுறதுதான். டாக்டர் சீட்டைக் கேட்டா ஏதோ சொத்துப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி முறைக்கிறாங்க.

வலி செட்டுதான் ஜாஸ்தி போகுது. ஒரு வலி மாத்திரை, ஒரு குட்டி வெள்ளை, ஒரு வாயு மாத்திரை, ஒரு மஞ்சள் வைட்டமின். எதை எத்தனை போடணும்னு ஒரு அட்டையில எழுதி டிராயருக்குள்ள ஒட்டியிருக்கு. கையெழுத்து குண்டு குண்டா சுத்தமா இருக்கு.

ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்தப் பவுடர் வாடை போகல.

ஜூன் 5, புதன்

சந்தை நாள். மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு வர்றவன் பூரா நம்ம கடை வாசல்லதான் வெத்திலை துப்புறான்.

சின்னக்காளைன்னு ஒருத்தர் வந்தாரு, மாட்டுத் தரகர், அறுபத்தஞ்சு வயசு இருக்கும். செருப்புல இருந்த சாணி அப்படியே நான் துடைச்சு வெச்ச படியில. கூட அவர் சம்சாரம் பொன்னழகு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கு. இதயம் பலவீனம், பம்ப் பண்றது பாதிதான்னு சொல்லியிருக்காங்க. மடியிலிருந்து வெட்டுப்பட்ட அட்டைத் துண்டுகளை எடுத்துக் கவுண்டர்ல பரப்பினாரு. ஒண்ணுலயும் முழுப் பேர் இல்ல. பேர் இருக்கிற பக்கத்தையெல்லாம் நம்ம ஆளு கத்திரிக்கோலால வெட்டி வித்துட்டாரு.

"நீர் மாத்திரை, கொதிப்பு மாத்திரை, நெஞ்சு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கிறது, கொழுப்பு மாத்திரை. அப்புறம் எப்பவும்போல மூணு நாளைக்கு வலி செட்டு, காலைக்கு ஒண்ணு சாயங்காலத்துக்கு ஒண்ணு."

"வலி செட்டு எத்தனை நாளாப் போடுறீங்கய்யா?"

"அட்டாக் வந்து எந்திரிச்சதுல இருந்து ஆத்தா. மாட்டுப் பல்லைப் பாத்து வயசு சொல்றவன் நான். என் வயசை இந்த முட்டிதான் சொல்லுது. அந்தச் செட்டைப் போட்டாத்தான் சந்தையைச் சுத்தி வர முடியுது. பசி என்னமா எடுக்குதுங்கிற!"

வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டச் சொன்னேன். கணுக்கால்ல விரலை வெச்சு அமுக்கினா, பிசைஞ்ச மாவு மாதிரி குழி விழுந்து அப்படியே நிக்குது. முகமும் உருண்டையா உப்பியிருக்கு. ஊர்ல எல்லாரும் 'முகத்துல களை வந்திருச்சு'ங்கிறாங்களாம்.

"ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுக்குறீங்க?"ன்னு கேட்டேன். அவர் முழிச்சாரு. பொன்னழகு அக்காதான், "மூணு. போன மாசம் ரெண்டு. படுத்தா மூச்சு முட்டுதுங்கிறாரு"ன்னுச்சு. அப்புறம், "இத்தனை நாள்ல இந்தக் கேள்வியை யாரும் கேக்கல"ன்னு என்னையே பாத்துச்சு.

இதயம் பலவீனமான ஆளுக்கு, தண்ணியை வெளியேத்த ஒரு மாத்திரை குடுத்துக்கிட்டு, தண்ணியை உடம்புக்குள்ளயே பிடிச்சு வைக்கிற வலி மாத்திரையையும் அதே கையால ரெண்டு வருஷமா குடுத்திருக்காங்க. இன்னிக்கும் நான் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே பழனியாண்டி செட்டை எடுத்து நீட்டிட்டாரு. த்தூ. இதெல்லாம் ஒரு பொழப்பு!

ஜூன் 7, வெள்ளி

இன்னிக்குப் பெரிய சண்டை. வலி செட்டு அத்தனையையும் அள்ளி ஒரு பக்கெட் தண்ணியில கொட்டினேன். மஞ்சளா நுரை பொங்கிச்சு. டிராயர்ல இருந்த அட்டையையும் கிழிச்சுப் போட்டேன். "என் சர்டிபிகேட் தொங்குற கடையில இனிமே செட்டு கிடையாது. வேணும்னா சர்டிபிகேட்டைக் கழட்டிக்கிட்டுப் போறேன்"னு சொன்னேன்.

பழனியாண்டி கிழிஞ்ச அட்டையைப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. அப்ப ஒண்ணு சொன்னாரு. அதை இங்க எழுதணும்னு அவசியமில்ல.

வாயில வெத்திலையை வெச்சுக்கிட்டு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, குமட்டிக்கிட்டு வந்துச்சு.

ஜூன் 8, சனி

சின்னக்காளை ஐயா வந்தாரு. செட்டு கிடையாது, இனிமே தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன். "ஒரேயடியாவா?"ன்னாரு. "ஒரேயடியாத்தான். அது உங்களுக்கு விஷம்"னேன். முட்டிக்கு ஒத்தடம் குடுக்கச் சொன்னேன், வலிச்சா பாராசிட்டமால் மட்டும் போடச் சொன்னேன். நீர் மாத்திரையைக் காலையிலயே போடணும், தினமும் எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு எடை பாக்கணும், ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா டாக்டரைப் பாக்கணும். கருவாடு, ஊறுகாய் கிடையாது.

"முறுக்கு?"

"முறுக்கும் கிடையாது."

"மணப்பாறையில இருந்துக்கிட்டு முறுக்கு திங்காதேங்கிற. சரி ஆத்தா. நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரி."

எதிர்ல இருக்கிற மருந்துக்கடையிலயும் செட்டு குடுப்பான். போயி வாங்கியிருவாருன்னு நெனச்சேன். நேரா வீட்டைப் பாத்து நடந்தாரு.

ஜூன் 10, திங்கள்

பொன்னழகு அக்கா வந்துச்சு. எடை ரெண்டு கிலோ குறைஞ்சிருக்காம். கால் வீக்கம் வடிஞ்சு பழைய செருப்பு நுழையுதாம். தலகாணி ரெண்டாயிருச்சாம். "நீங்க வந்த நேரம்மா"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒரு முழம் மல்லிகை குடுத்துட்டுப் போச்சு.

நானும் படிச்சவதான். இந்த அழுக்குப் புடிச்ச கடையில ஒரு உசுருக்காவது நல்லது பண்ணியிருக்கேன். பழனியாண்டி இன்னும் விரலை நக்கிக்கிட்டுத்தான் இருக்காரு. ஒரு டப்பா கையுறை வாங்கி வெச்சேன். அதைப் போட்டுக்கிட்டு விரலை நக்குறாரு. என்னத்தச் சொல்ல!

ஜூன் 12, புதன்

பக்ரீத் வருது, சந்தையில ஆடு வாங்குற கூட்டம் நெரியுது. புழுக்கை நாத்தம் கடைக்குள்ள வரைக்கும். இப்படிப்பட்ட சந்தைக்குச் சின்னக்காளை ஐயா வரல.

பொன்னழகு அக்கா மட்டும் வந்துச்சு. சோறே இறங்கலையாம். ரெண்டு தடவை வாந்தி. எந்திரிச்சு நின்னா தலை சுத்துதாம். "துணி மாதிரி துவண்டு கெடக்குறாரும்மா. முட்டி மட்டுமில்ல, உடம்பு பூரா வலிக்குதுங்கிறாரு."

வெயில்னு சொன்னேன். கஞ்சி குடுக்கச் சொன்னேன், முடியலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னேன்.

வெயில்தான். நேத்தெல்லாம் என்ன வெயில் அடிச்சுது.

ஜூன் 13, வியாழன்

கடைக்குப் போகல. பரண்ல என் பழைய பாடப் புத்தகத்தைத் தேடினேன். கரப்பான் புழுக்கைதான் கெடைச்சுது.

ஜூன் 15, சனி

நேத்து சின்னக்காளை ஐயா மயங்கி விழுந்துட்டாராம். திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. பி.பி. ஏறவே மாட்டேங்குது, சர்க்கரையும் இறங்கியிருக்கு, இதயம் கைவிடுதோ என்னமோன்னு பாக்கிறாங்களாம். என்னென்ன மாத்திரை சாப்பிட்டாருன்னு ஒண்ணு விடாம எழுதி வாங்கிட்டு வரச் சொல்லி பொன்னழகு அக்காவை அனுப்பியிருக்காங்க. கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு.

எழுதினேன். நீர் மாத்திரை, கொதிப்பு, நெஞ்சு, ரத்தம் உறையாம இருக்கிறது, கொழுப்பு. அஞ்சும் பேரோட, அளவோட எழுதினேன்.

"அந்தப் பழைய செட்டு? அதையும் எழுதணுமாம்மா?"ன்னு அக்கா கேட்டுச்சு.

நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள பழனியாண்டி பின்னால இருந்து, "அதான் நிறுத்தியாச்சே. நின்னுபோனதை எதுக்குப் போட்டுக் குழப்பிக்கிட்டு"ன்னாரு. அக்கா என்னைப் பாத்துச்சு.

நான் பேனாவை மூடினேன். அக்கா சீட்டை மடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுச்சு.

கடையில இருக்கவே முடியல. எல்லாமே நாறுது. அந்த ஆளு, அந்த பிரிட்ஜு, அந்த டிராயரு. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சேன்.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சுக்கு, பூசைக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்க எந்திரிக்கல. ஏன்னு வீட்டுக்காரர் கேட்டாரு. பூசைக்கு முன்னாடி காபி குடிச்சுட்டேன், வெறும் வயித்துல இல்லன்னேன். அது பொய்யில்ல.

ஜூன் 17, திங்கள்

எழுதிடுறேன்.

டிராயர்ல இருந்த அட்டை என் கையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, சர்டிபிகேட் மாட்டின அன்னிக்கு, "ஒரு நல்ல வலி செட்டு சொல்லுங்க மேடம்"னு பழனியாண்டி கேட்டாரு. காபி வந்துச்சு, குடிச்சுக்கிட்டே எழுதிக் குடுத்தேன். 'மூணு நாளுக்கு மேல வேண்டாம்'னு அடியில எழுதினேன். அந்த வரி இருந்த ஓரத்தை வெட்டிட்டுத்தான் ஒட்டியிருந்தாங்க. அன்னிக்குச் சண்டையில அவர் சொன்னது இதுதான்: "நீங்க எழுதிக் குடுத்த செட்டுதானே மேடம்."

அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. பசி எடுக்க வெச்சது அதுதான், அவரைச் சந்தையில ஓட வெச்சது அதுதான், முகத்தை உருட்டி வெச்சதும் அதுதான். அது மாதிரி ஒரு ஹார்மோனை உடம்பு தானாவே சுரந்துக்கும். வெளியிலிருந்து வருஷக்கணக்கா ஊத்தினா, உள்ள சுரக்கிறது படுத்துரும். அப்புறம் திடீர்னு நிறுத்தவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, வாரக்கணக்குல குறைக்கணும். நிறுத்தினா வாந்தி வரும், பி.பி. இறங்கும், ஆளே போயிரலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரிச்சைக்கு எழுதியிருக்கேன். அன்னிக்கு பக்கெட்ல கொட்டுறப்போ வலி மாத்திரையைத்தான் நெனச்சேன், இதை நெனைக்கல. அருவருப்புல கண்ணு தெரியல எனக்கு. "ஒரேயடியாவா?"ன்னு அந்த மனுஷன் கேட்டாரே!

புதன்கிழமை அக்கா வந்து சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுருச்சு. வெயில்னு சொன்னேன். சனிக்கிழமை பேனா கையில இருந்துச்சு. மூடினேன். பழனியாண்டி நாக்குல தொட்டுக் கவர் பிரிச்சாரு, அதைப் பாத்து குமட்டுச்சு எனக்கு. நான் பண்ணினதுக்கு எவ்வளவு குமட்டணும்?

காலையில முதல் பஸ்ஸுல திருச்சிக்குப் போயிட்டேன். வழியெல்லாம் புதுச்சட்டை போட்ட பிள்ளைங்க பக்ரீத் தொழுகைக்குப் போய்க்கிட்டு இருந்துச்சுங்க. வார்டுல டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, தூக்கமில்லாத முகம். "ரெண்டு வருஷமா தினமும் ரெண்டு வேளை ஸ்டீராய்டு சாப்பிட்டாரு, எட்டாம் தேதியிலிருந்து சுத்தமா நிறுத்தியாச்சு"ன்னு ஒரே மூச்சுல சொன்னேன்.

அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டிருந்ததை அப்படியே விட்டுட்டு நர்ஸைக் கூப்பிட்டு ஊசி சொன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதை எழுதிக் குடுத்த டாக்டர் யாரு?"ன்னா.

"டாக்டர் இல்ல. மருந்துக்கடையில குடுத்தது."

"யாரு நிறுத்தினது?"

பக்கத்துல நின்ன பொன்னழகு அக்கா முந்திக்கிட்டு, "இந்தம்மாதான் நிறுத்தினாங்க, டாக்டர். இவங்க நல்லவங்க. வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி கடையில இருந்தவன்தான் கண்டதையும் குடுத்துக் கெடுத்தான்"னுச்சு. என் தோள்ல கை வேற வெச்சுச்சு.

ஆமான்னு தலையை ஆட்டியிருந்தா முடிஞ்சுது. யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

"அந்தச் செட்டுக்கு அளவு எழுதிக் குடுத்ததே நான்தான். படிப்படியாக் குறைக்காம ஒரேயடியா நிறுத்தினதும் நான்தான். கடை ஆறு வருஷமா என் பேர்லதான் நடக்குது"ன்னேன்.

அக்கா கையை எடுத்துக்கிச்சு. கத்தும், அடிக்கும்னு பாத்தேன். ஒண்ணும் பண்ணல.

"அன்னிக்குக் கேட்டேனே"ன்னுச்சு. "கடையில வெச்சு வாயைத் தொறந்து கேட்டேனே, அந்தச் செட்டையும் எழுதணுமான்னு."

நான் எழுதின அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, அடியில ஆறாவதா அந்தச் செட்டையும் எழுதினேன்.

ஜூன் 18, செவ்வாய்

வார்டு நம்பருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பி.பி. ஏறியிருச்சாம். எந்திரிச்சு உக்காந்து ரெண்டு இட்லி சாப்பிட்டாராம். போனைக் கீழ வெச்சுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு பாலை இறக்கி வெச்சாரு.

அக்கா நம்பருக்குப் பண்ணினா எடுக்கல.

ஜூன் 20, வியாழன்

பழனியாண்டி குதிக்கிறாரு. "யாருக்குத் தெரியும்னு போயி நீங்களே வாயைக் குடுத்தீங்க?" ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிட்டாங்களாம். என்னை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிடட்டும். நானும் நடந்ததை எழுதி அனுப்பிட்டேன். அதுவரைக்கும் கவுண்டர்ல நிப்பேன்னு சொல்லிட்டேன். என்னைப் போகச் சொல்லவும் அவரால முடியாது, போனா கடையை மூடணும்.

வலி செட்டு ரொம்ப நாளா வாங்கினவங்க இன்னும் எத்தனை பேருன்னு உக்காந்து அவரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். பதினேழு பேரு. ஒவ்வொரு வீடாப் போயி, தானா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லிட்டு வர்றேன். ஒரு வீட்டுல தண்ணி குடுத்தாங்க. ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டாங்க. நாயைப் பாத்து எனக்குக் கோவமே வரல.

ஜூலை 3, புதன்

பதினோரு மணி இருக்கும். சந்தைக் கூட்டத்துக்கு நடுவுல பொன்னழகு அக்கா வந்துச்சு. ஐயா வீட்டுக்கு வந்துட்டாராம், அதை என்கிட்ட சொல்லல, பழனியாண்டிகிட்ட சொல்லுச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டை என் முன்னாடி வெச்சுச்சு. ஆறு மருந்து. ஸ்டீராய்டும் அதுல இருக்கு, வாரத்துக்கு வாரம் எவ்வளவு குறைக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காங்க.

நான் மருந்தை எடுத்து வெச்சேன். எதையும் வெட்டல, முழு அட்டையாவே வெச்சேன். எது எதுக்கு, எந்த வேளைக்கு, எப்ப குறைக்கணும்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு"ன்னுச்சு. நீங்க போயி, நீ வந்திருச்சு.

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

மூணாந்தடவையும் சொன்னேன். பின்னால நின்னவன் "சீக்கிரம் விடுங்கம்மா"ன்னான். அக்கா திரும்பி ஒரு முறை முறைச்சுச்சு, வாயை மூடிக்கிட்டான்.

அப்புறம் ஆறு அட்டையையும், சீட்டையும் முந்தானையில அள்ளிக்கிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போச்சு. அங்க உள்ளவன்கிட்ட ஒவ்வொண்ணா நீட்டி ஏதோ கேட்டுச்சு. அவன் அட்டையைப் படிக்கிறான், சீட்டைப் பாக்கிறான், தலையை ஆட்டுறான். சந்தையே பாக்குது. பழனியாண்டி "மானம் போகுது"ன்னு உள்ள போயிட்டாரு. எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுது. ஆனா நான் கவுண்டரை விட்டு நகரல. இந்தப் பொம்பளை இப்படிப் பண்றதுதான் சரின்னு எனக்குத் தெரியுது. ரெண்டு வருஷமா யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தா அந்தச் செட்டு அவர் வாய்க்குப் போயிருக்காது.

திரும்பி வந்துச்சு. அட்டைகளைக் கவுண்டர்ல போட்டுச்சு.

"சரியாத்தான் இருக்காம். கவர்ல போட்டுக் குடு."

போட்டுக் குடுத்தேன்.

"அடுத்த வாரமும் இப்படித்தான் போயிக் கேப்பேன்."

"கேளுங்கக்கா"ன்னேன். "ஒவ்வொரு தடவையும் கேளுங்க."